வலது கால்

பாட்டரி. முதலில் அதுதான்.
பிறகு எஞ்சின், எப்போதும் வலது முந்தி.
பத்து சதவீதம் சுழன்றதும் எரிபொருள் திறக்க வேண்டும்.
வெப்ப முள் எண்ணூறு வரை ஏறி
கொஞ்சம் யோசித்து
இறங்கும்.
பால் பொங்கப் போகிற நேரம் அடுப்பருகே நிற்பதுபோல
மூச்சடக்கி நிற்பேன்.

பொழிச்சலூரில் இரண்டாவது மாடி.
பகலெல்லாம் பெருங்குடியில் உட்கார்ந்து
யாரோ வெளிநாட்டுக்காரர்களின்
ஆஸ்பத்திரி பில்களை நிராகரிக்கிறேன்.
இரவில் அறுபத்தெட்டு பேரைச் சுமக்கிறேன்.
பெயர் கிடையாது அவர்களுக்கு, எடைதான்:
ஐயாயிரத்து நூறு கிலோ.
பைகள் தனி.

கால்மிதி ரிச்சி தெருவில் பழசாக வாங்கியது.
அழுத்தினால் தரையில் டொக்கென்று இடிக்கும்.
ராத்திரியில என்ன, தையல் மிஷினா என்று
கீழ்வீட்டு டெல்பின் அக்கா ஒருமுறை கேட்டாள்.
ஆமாம் என்றுவிட்டேன்.

இன்று தூத்துக்குடியிலிருந்து வருகிறேன்.
ஐப்பசி மழை, ஜன்னலிலும் திரையிலும்.
வாடைக்காற்று; மேற்கே போய்ச் சுற்றி
எங்கள் ஏரியாவின் மேலாகத்தான் இறங்க வேண்டும்.
அந்த வரைபடத்தில் என் வீடு இல்லை,
இடத்தை நிரப்ப ஒரு சாம்பல் டப்பா.
அடையாறு உண்டு. நீலமாக, ஒழுக்கமாக,
ஒருநாளும் யார் வீட்டுக்குள்ளும் வந்திராத ஆறு.

பதினான்காவது மைலில் இடது எஞ்சின் விட்டது.
நானே கேட்டு வாங்கியதுதான்:
என்றைக்காவது, சொல்லாமல், ஏதாவது கெடட்டும் என்று
போன வாரம் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தேன்.
மூக்கு இடப்பக்கம் இழுத்தது,
கடைவீதியில் பொம்மை பார்த்த குழந்தை
கையை இழுப்பதுபோல.
வலது காலைப் போட்டேன்.
எந்தக் காலுக்கு வேலை இல்லையோ
அந்தப் பக்கம்தான் செத்தது.
பார். மறுபடி பார்.
அவசரத்தில் உயிருள்ளதை அணைத்தவர்கள் உண்டு.
பிறகு லீவரை இழுத்தேன்,
ஆறு இலைகளும் ஒருக்களித்து
காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றன,
நெரிசல் பஸ்ஸில் வழிவிடுகிறவர்கள் மாதிரி.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி, தெருவிளக்கு, எதிர் அபார்ட்மெண்ட், எல்லாம்.
மேஜைக்கடியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
புதுசில் இருபது நிமிடம் தாங்கும். இப்போது ஏழு.
பதினான்கு மைல், நிமிடத்துக்கு இரண்டு.
இவ்வளவு சரியாக வந்த கணக்கை
நான் ஆபீஸில் நம்பியிருக்க மாட்டேன்.

சேமித்து நிறுத்த இரண்டு விசை போதும்,
சுண்டுவிரல் எட்டுகிற தூரம்.
நிறுத்தவில்லை.
ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால்
சிரிப்பீர்கள்.

"மெழுகுவத்தி இருக்கா?" வாசலில் டெல்பின் அக்கா.
"ரெண்டு நிமிஷம்க்கா, இறங்கிட்டிருக்கேன்."
"எங்கேர்ந்து?"
போன் வெளிச்சத்தோடு உள்ளே வந்தாள்.
திரையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.
"இதுதான் தையலா."

சக்கரம் கீழே. பச்சை மூன்று.
பம்மல் கடந்தது.
சாம்பல் டப்பா இறக்கைக்கடியில் வந்து போனது,
அதற்குள் யாரும் வியர்க்கவில்லை.
ஐம்பது என்றது குரல்.
முப்பது.
இருபது வருமுன் திரை கறுத்தது.
கத்திக்கொண்டிருந்த யூபிஎஸ்ஸும் நின்றது.

"விழுந்துடுச்சா?"
"தெரியல."
"இறங்கிடுச்சோ?"
"தெரியலக்கா."
அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
மெழுகுவத்தியை இருவரும் மறந்துபோனோம்.

பிறகு மேற்கிலிருந்து, மழைக்குள், நிஜமான ஒன்று.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
இரண்டு விசிறிகள் சற்றே சுருதி பிசகி
ஒன்றோடொன்று உரசும் அந்த முனகல்.
"ரெண்டும் ஓடுது" என்றேன்.
அவள் தலையாட்டியிருப்பாள், இருட்டில் தெரியவில்லை.
சுவருக்கு அப்பால் அது தரை தொட்டு,
உறுமி, அடங்கும்வரை
மிதியிலிருந்து நான்
வலது காலை எடுக்கவில்லை.